இன்சுலின் போடும் அம்மா தனியாக விமானத்தில் போகலாமா?

வாசகர் கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. டிசம்பரில் பாரிஸில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு முதல் தடவையாக, தனியாகப் போகிறார். மூன்று மாதத்துக்குச் சற்றுக் குறைவாக அங்கே இருப்பார். சென்னையில் அதிகாலை 3.50க்கு ஃப்ளைட். துபாயில் மாறி, பாரிஸில் பகல் 12.50க்கு இறங்குகிறார். 30/70 இன்சுலினை பாட்டிலிலிருந்து சிரிஞ்சில் எடுத்து, காலை 22 யூனிட், இரவு 14 யூனிட் தானே போட்டுக்கொள்கிறார். மெட்ஃபார்மின் இரண்டு வேளை, மதியம் வோக்லிபோஸ், கால் எரிச்சலுக்கு இரவில் ப்ரீகாபலின். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர், "ஊசியைக் கைப்பையில் வைத்தால் செக்யூரிட்டியில் பிடுங்கிவிடுவார்கள், பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்" என்கிறார். அதைக் கேட்ட அம்மா, "ஒரு நாள்தானே, ஊசியே வேண்டாம்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். அம்மா தாராளமாகப் போகலாம், தனியாகவே போகலாம். இன்சுலின், ஊசி, சர்க்கரை பார்க்கும் மெஷின், விரலில் குத்தும் லான்செட் எல்லாம் அவர் கையோடுதான் போக வேண்டும்.

பெரிய பெட்டியில் ஏன் கூடாது? விமானத்தின் அடிவயிற்றில் சாமான் வைக்கும் இடத்தில் குளிர் எவ்வளவு இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இன்சுலின் ஒரு முறை உறைந்துவிட்டால் அவ்வளவுதான். உருகிய பிறகு பார்க்க நன்றாகவே இருக்கலாம், ஆனால் வேலை செய்யாது. அதைப் போட்டுக்கொண்டு சர்க்கரை ஏன் 350ல் நிற்கிறது என்று பாரிஸில் உட்கார்ந்து குழம்ப வேண்டியதுதான். இன்னொன்று, துபாயில் பெட்டி மாறிப்போய் இரண்டு நாள் கழித்து வந்தால், அந்த இரண்டு நாளுக்கு அம்மாவிடம் மருந்தே இருக்காது.

விதியும் நம் பக்கம்தான். நம் நாட்டில் விமானப் பாதுகாப்புக்கான விதிகளை வகுக்கும் பி.சி.ஏ.எஸ். அமைப்பு, மருத்துவத் தேவைக்கான ஊசிகளை அதற்கான சான்றோடு கைப்பையில் கொண்டுபோக அனுமதிக்கிறது. துபாயிலும் ஐரோப்பாவிலும் நடைமுறை இதேதான். திரவம் என்றால் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடும் பயணத்துக்குத் தேவையான மருந்துக்குக் கிடையாது. இன்சுலின் பாட்டில் 10 மில்லி, பேனா வடிவ ஊசிக் கருவியில் போடும் கார்ட்ரிட்ஜ், அதாவது மருந்துக் குழாய், 3 மில்லி. சான்று கையில் இல்லாமல் வெறும் சிரிஞ்சை நீட்டுகிறவர்களுக்குத்தான் சிக்கல் வருகிறது.

அந்தச் சான்றை இப்போதே வாங்கிவிடுங்கள். மருத்துவரின் லெட்டர்பேடில், ஆங்கிலத்தில், ஒரு பக்கம் போதும். அம்மாவின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, இனிஷியல் விரித்து எழுதப்பட்டிருக்க வேண்டும். மருந்துச் சீட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு சேர்ந்து நீளமாக வேறொரு பெயர் என்பது நம் ஊரில் சாதாரணம், வெளிநாட்டு அதிகாரிக்கு அது இரண்டு ஆள். அடுத்து, நோய் என்ன, மருந்துகளின் பொதுப்பெயர், தினசரி அளவு. கம்பெனிப் பெயர் மட்டும் எழுதினால் பிரான்சில் அது யாருக்கும் புரியாமல் போகலாம். இன்சுலின், பேனா ஊசி, சிரிஞ்சு, லான்செட், குளுக்கோமீட்டர், குளுக்கோஸ் ஆகியவற்றை எந்நேரமும் தன்னோடு வைத்திருப்பது அவசியம் என்று ஒரு வரி. கடைசியில் தேதி, கையொப்பம், முத்திரை, மருத்துவரின் பதிவு எண். இந்தப் பதிவு எண்ணைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மூன்று நகல் எடுத்து ஒன்று கைப்பையில், ஒன்று பாஸ்போர்ட்டோடு, ஒன்று தங்கைக்கு போனில்.

வெளிநாடுகளில் மருந்துக் கடைக்காரரே நோயாளி பெயர் அச்சிட்ட சீட்டை டப்பாவில் ஒட்டித் தருவார். நம் மெடிக்கல் ஷாப்பில் அந்த வழக்கம் இல்லை. அதனால் அம்மா பெயரில் பில் கேட்டு வாங்கி, அந்தந்த டப்பாவோடு ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். ஜிப்மரிலோ கடலூர் அரசு மருத்துவமனையிலோ மருந்து வாங்குகிறவர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்களுக்கும் பில் இருக்காது. அவர்கள் மருத்துவமனை நோட்டுப் புத்தகத்தைக் காட்டி அங்கேயே இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். மாத்திரை அட்டையை பத்து பத்தாக வெட்டி டப்பாவில் கொட்டுவதும் கூடாது. பெயரும் காலாவதித் தேதியும் அட்டையில் தெரிய வேண்டும்.

செக்யூரிட்டியில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். மருந்து முழுவதையும் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரிகிற ஒரு ஜிப் பையில் போட்டு, கைப்பையின் மேல்பக்கம் வையுங்கள். பெல்ட்டில் வைக்கும் முன்பே அந்தப் பையை வெளியே எடுத்துத் தனி ட்ரேயில் வைத்து, "இன்சுலின்" என்று சொல்லிக் கடிதத்தை நீட்டினால் போதும். அந்த ஒரு சொல் எந்த ஊர் செக்யூரிட்டிக்கும் புரியும். ஸ்கேனரில் ஊசி தெரிந்து அவர்கள் கேட்ட பிறகு பையைக் குடைவதைவிட, நாமே முதலில் சொல்வது அம்மாவின் படபடப்பைக் குறைக்கும். எக்ஸ்ரேயில் ஓரிரு முறை போவதால் இன்சுலின் கெடாது. துபாயில் இறங்கியதும் மறுபடி ஒரு சோதனை உண்டு, அங்கேயும் இதே வரிசை. கையில் சர்க்கரை பார்க்கும் சென்சார் ஒட்டியிருப்பவர்களும் இன்சுலின் பம்ப் போட்டிருப்பவர்களும் மட்டும் கருவியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில கருவிகளை எக்ஸ்ரேயிலோ முழு உடல் ஸ்கேனரிலோ விடக்கூடாது என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். அப்போது கையால் சோதனை செய்யும்படி கேட்கலாம்.

செக்யூரிட்டி விஷயம் இதோடு முடிந்தது. உண்மையில் உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கவலை தந்தது வேறு: "பாட்டிலிலிருந்து சிரிஞ்சில்" என்ற வரி.

நம் ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. பிரான்சில் கிடைப்பது ஒரு மில்லிக்கு 100 யூனிட், அதற்கான சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. பாட்டில் உடைந்து, தங்கை அங்கே 100 யூனிட் இன்சுலினை வாங்கிவந்து, அம்மா தன்னிடம் இருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சில் வழக்கம்போல 22 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 55 யூனிட். இரண்டரை மடங்கு. தூக்கத்திலேயே நினைவு தப்பிப் போகிற அளவு அது. மாறாக, நம் 40 யூனிட் பாட்டிலை அங்கே வாங்கிய ஆரஞ்சு சிரிஞ்சில் எடுத்தால் பாதிகூடப் போகாது, சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும். இரண்டுமே யாருடைய கண்ணுக்கும் தப்பாகத் தெரியாது, ஏனென்றால் இழுத்த கோடு சரியாகத்தான் இருக்கிறது.

அதனால் என் யோசனை: பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது அம்மாவை அதே 30/70 இன்சுலினின் பேனாவுக்கு மாற்றச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். பேனா கார்ட்ரிட்ஜ் இங்கும் அங்கும் 100 யூனிட்தான். பேனாவில் 22 என்று திருப்பினால் 22 யூனிட்தான் போகும், இங்கே சிரிஞ்சில் போட்ட அதே 22. அளவு மாறாது, கணக்கும் வேண்டாம். செலவு கூடும் என்பது தெரியும். ஆனாலும் மூன்று மாதம் அந்நிய ஊரில் தனியாக ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். ஊரிலேயே நான்கு வாரம் பழகட்டும்: ஒவ்வொரு முறையும் முதலில் 2 யூனிட் காற்றில் பீய்ச்சிப் பார்ப்பது, கலங்கல் இன்சுலின் என்பதால் பேனாவை உள்ளங்கைகளுக்கு நடுவே 10 முறை உருட்டி 10 முறை தலைகீழாகத் திருப்பி ஒரே சீராகப் பால் போல வந்த பிறகு போடுவது, அழுத்திய பின் 10 எண்ணும்வரை ஊசியை எடுக்காமல் இருப்பது. கட்டி கட்டியாக மிதந்தாலோ, கண்ணாடிச் சுவரில் பனி ஒட்டினாற்போல இருந்தாலோ அந்தக் கார்ட்ரிட்ஜைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

பேனா என்று முடிவானால் 90 நாளுக்குக் கணக்கு இப்படி வரும். நாளொன்றுக்கு 36 யூனிட், பீய்ச்சிப் பார்க்கும் 4 யூனிட்டையும் சேர்த்தால் 40. மொத்தம் 3,600. ஒரு கார்ட்ரிட்ஜில் 300 யூனிட், ஆக 12 வேண்டும். உடைவதற்கும் கெடுவதற்கும் மூன்று சேர்த்து 15. பேனா இரண்டு, ஏனென்றால் கீழே விழுந்தால் இயங்காமல் போவது பேனாதான். 4 மில்லிமீட்டர் ஊசி 200. மெஷினில் செருகிச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் 200, லான்செட் 200. ஸ்ட்ரிப் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நம் மெஷினுக்குப் பொருந்தும் ஸ்ட்ரிப் அங்கே கிடைக்காமல் போகலாம்.

பேனாவுக்கு மாற முடியாத நிலை என்றால் 40 யூனிட் பாட்டில் ஒன்றில் 400 யூனிட், 90 நாளுக்கு ஒன்பது வரும், பன்னிரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மூடி சிரிஞ்சும் 200 வேண்டும். அந்தப் பையின் மேலேயே பெரிய எழுத்தில் "40 யூனிட் இன்சுலினுக்கு மட்டும்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். தங்கைக்கும் இதை விளக்கிச் சொல்லிவிடுங்கள். மருந்துக் கடைக்குப் போகப் போவது அவர்தான்.

இன்சுலினும் ஸ்ட்ரிப்பும் முழுவதும் கைப்பையில். கூடுதல் ஊசி, மாத்திரையில் பாதியைப் பெரிய பெட்டியில் போடலாம், அவை குளிரில் கெடாது. ஐந்து நாள் தேவையை மட்டும், அதாவது ஒரு பேனா, ஒரு கார்ட்ரிட்ஜ், 12 ஊசி, மெஷின், மாத்திரை, குளுக்கோஸ், கடிதத்தின் நகல் ஆகியவற்றைத் தோளில் மாட்டும் சிறு பையில் தனியாக வையுங்கள். கைப்பையை மேலே லாக்கரில் வைத்துவிட்டால் நடு ராத்திரியில் அம்மாவால் எட்டி எடுக்க முடியாது. சிறு பை மடியிலோ முன் சீட்டின் அடியிலோ இருக்கட்டும்.

ஐஸ் தேவையா? எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். இந்தப் பயணத்துக்குத் தேவையில்லை என்பேன். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும் என்பது மாதக்கணக்கில் சேமிக்க. வெளியே எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கிய இன்சுலினே 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் தாங்கும். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து தங்கை வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போய்ச் சேர ஒரு நாள். விமானமும் விமான நிலையமும் ஏசி. டிசம்பர் இரவில் திண்டிவனம் வழியாகப் போகும் காரும் சூடாக இருக்காது. வெறும் துணி சுற்றிய டப்பா, கனமான பை, அது போதும். மாறாக ஐஸ் பேக்கோடு இன்சுலினை ஒட்டி வைத்து அதை உறைய வைத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். விமானப் பணிப்பெண்ணிடம் கொடுத்து ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்வதும் வேண்டாம். உலர் பனிக்கட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் உறையும், இறங்கும்போது மறந்தும் போகும்.

மே மாதத்தில் போகிறவர்களுக்கு மட்டும் இது மாறும். அக்னி நட்சத்திரத்தில் கடலூரிலிருந்து நான்கு மணி நேரம் காரில் போய், வழியில் சாப்பிட இறங்கும்போது பையை மூடிய காருக்குள் விட்டால் இன்சுலின் வெந்துவிடும். பையும் கூடவே இறங்க வேண்டும். அப்போது ஜெல் பேக் வைப்பதானால் துண்டில் சுற்றி, இன்சுலினைத் தொடாதபடி இடையில் அட்டை வைத்து வையுங்கள். ஜெல் பேக் மருந்துக்காக என்று அந்தக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள், உருகிய ஜெல்லைத் திரவமாகத்தான் செக்யூரிட்டி பார்க்கும். பஸ்ஸில் போகிறவர்கள் இன்சுலின் பையை டிக்கியில் போடாமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எப்போது ஊசி போடுவது. "ஒரு நாள்தானே" என்று அம்மா விட்டுவிட நினைப்பது இந்தக் குழப்பத்தால்தான் என்று நினைக்கிறேன். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விட்டால் இரண்டு வேளை இன்சுலின் இல்லாமல் சர்க்கரை ஏறி, தண்ணீர் தாகமும் சிறுநீரும் அதிகமாகி, விமானத்தில் வரிசையில் நின்று பாத்ரூம் போய்ப் போய்க் களைத்து இறங்குவார். கீழே நான் சொல்லும் வரிசையை ஒரு தாளில் எழுதி அம்மாவின் மருத்துவரிடம் காட்டி, யூனிட்டை அவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, சமீபத்தில் சர்க்கரை தாழ்ந்ததா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

டிசம்பரில் பாரிஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். பயணம் முழுக்க அம்மா கையில் இந்திய நேரம் காட்டும் வாட்ச் ஒன்று இருக்கட்டும், அதை மாற்றவே கூடாது. போன் தானாக நேரம் மாற்றிக்கொள்ளும், அதை நம்ப வேண்டாம்.

புறப்படும் இரவு 8 மணிக்கு வீட்டில் வழக்கமான சாப்பாடு, வழக்கமான இரவு ஊசி. 30/70ல் இருக்கும் 70 பங்கு மெதுவாக வேலை செய்வது. அதன் உச்சம் நான்கு மணி நேரத்துக்குப் பிறகுதான் வரும். அந்த நேரத்தில் அம்மா தூங்காமல், மீனம்பாக்கத்தில் பெட்டி தள்ளிக்கொண்டு வரிசையில் நிற்பார். அதனால் இரவு ஒன்றரை மணி போல, செக்யூரிட்டி முடிந்து உட்கார்ந்ததும் ஒரு முறை சர்க்கரை பார்க்க வேண்டும். 120க்குக் கீழே இருந்தால் இரண்டு மூன்று பிஸ்கட்டும் பாலும் சாப்பிடட்டும். அந்த இரவு ஊசியைச் சற்றுக் குறைக்கலாமா என்றும் மருத்துவரைக் கேளுங்கள்.

முதல் விமானத்தில் இந்திய நேரம் 5 மணி வாக்கில் சாப்பாடு தருவார்கள். காலை உணவு என்று நினைத்து அதற்கு ஊசி போட்டுவிடக் கூடாது. இரவு போட்டது இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போது மேலே 22 யூனிட் ஏறிவிடும். பசித்தால் கொஞ்சம் சாப்பிட்டுத் தூங்கட்டும்.

துபாயில் இறங்கும்போது இந்திய நேரம் சுமார் 8 மணி. வீட்டில் காலை ஊசி போடும் அதே நேரம். அடுத்த விமானத்தின் கேட்டைக் கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லியையோ அங்கே வாங்கிய சாப்பாட்டையோ கையில் வைத்துக்கொண்டு, சர்க்கரை பார்த்து, காலை ஊசி 22 போட்டுச் சாப்பிட வேண்டும். பாத்ரூமுக்குள் போய் ஒளிந்து போட வேண்டிய அவசியமே இல்லை. புடவையில் வயிற்றுப் பக்கம் ஒதுக்கிப் போட வசதியாக இருக்கும், துப்பட்டாவோ சால்வையோ மேலே போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது.

இரண்டாவது விமானத்தில் தரும் சாப்பாடு அம்மாவுக்கு மதிய உணவு. வோக்லிபோஸ் முதல் வாயோடு. பாரிஸில் இறங்கும்போது நம் ஊரில் மாலை 5.20, அங்கே பகல் 12.50. தங்கை வீட்டில் நாலு மணிக்கு ஒரு சிறு சிற்றுண்டி, ஊசி இல்லாமல். இரவு ஏழரைக்குச் சாப்பாடு, 14 யூனிட். இரண்டு ஊசிக்கும் நடுவே வழக்கமான 12 மணி நேரத்துக்குப் பதில் 15, 16 மணி நேரம் ஆகியிருக்கும். அன்று மாலை சர்க்கரை 250 காட்டலாம். அதைப் பார்த்துப் பதறி இடையில் மூன்றாவது ஊசி போட வேண்டாம். சில மணி நேரம் ஏறி நிற்பதைவிட, களைத்துத் தூங்கும் முதல் இரவில் தாழ்ந்து போவதுதான் ஆபத்து. அன்று படுக்கும் முன் கட்டாயம் பார்க்க வேண்டும், அதிகாலை 3 மணிக்கு தங்கை ஒரு முறை எழுந்து பார்த்தால் இன்னும் நல்லது. மறுநாள் காலையிலிருந்து எல்லாம் பாரிஸ் நேரம்தான்.

விமானத்தில் ஊசி போட நேர்ந்தால் விதி ஒன்றுதான்: சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்து உட்கார்ந்த பிறகே ஊசி. ட்ராலி இரண்டு வரிசை முன்னால் வந்துவிட்டது என்று போட்டுவிடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து விமானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிட்டுப் பணிப்பெண்களே பெல்ட் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள், அரை மணியும் ஆகலாம். வீட்டில் இந்த இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடுவது வழக்கம், விமானத்தில் அதைத் தள்ளி வைக்கலாம். ஊசியைப் பேனாவிலேயே விட்டு வைக்கவும் கூடாது. காற்றழுத்தம் மாறும்போது இன்சுலின் கசியும், குமிழ் ஏறும். போட்டதும் கழற்றி, கெட்டியான சிறு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். சீட்டுப் பையில் செருகினால் துப்புரவுக்கு வருகிறவர் கையில் குத்தும்.

டயபெடிக் சாப்பாடு என்று கேட்டு வாங்குவதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. 30/70 போடுகிறவருக்குக் கொஞ்சம் மாவுச்சத்து கட்டாயம் உள்ளே போக வேண்டும். அந்தத் தட்டில் சில சமயம் வெந்த காய்கறியும் சாலடும்தான் இருக்கும். அம்மாவுக்குப் பழகிய இந்திய சைவச் சாப்பாட்டை குறைந்தது இரண்டு நாள் முன்பே பதிவு செய்துவிட்டு, இனிப்பை மட்டும் ஒதுக்கச் சொல்லுங்கள். கைப்பையில் சப்பாத்தியோ இட்லியோ பிஸ்கட்டோ ஒரு வேளைக்கு இருக்கட்டும்.

சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்வது என்பது உங்கள் அம்மாவுக்கு மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகத் தெரிய வேண்டும். அவர் வோக்லிபோஸ் எடுக்கிறார். அது சர்க்கரையையும் மாவுச்சத்தையும் குடலில் உடைய விடாமல் தாமதப்படுத்தும் மருந்து. அதனால் மிட்டாய், சீனி, சாக்லேட் எல்லாம் அவருக்கு நேரத்தில் உதவாது. குளுக்கோஸ்தான் வேண்டும், அதை உடைக்கத் தேவையில்லாமல் நேராக ரத்தத்தில் ஏறும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தாலோ மெஷின் 70க்குக் கீழே காட்டினாலோ 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று தேக்கரண்டிப் பொடி, தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு பிஸ்கட். பொடியைத் தாளில் மடித்துக் கொண்டுபோகாதீர்கள், பெயர் இல்லாத வெள்ளைப் பொடி செக்யூரிட்டியில் வீண் கேள்வியைத்தான் வரவழைக்கும். கடையில் வாங்கிய பிரிக்காத பாக்கெட்டோ குளுக்கோஸ் மாத்திரையோ எடுத்துப் போங்கள். தண்ணீர் பாட்டிலை செக்யூரிட்டி தாண்டிய பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ப்ரீகாபலின் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். இங்கே கால் எரிச்சலுக்கு சாதாரணமாக எழுதித் தரும் அந்த மாத்திரை ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அம்மா துபாயில் விமானம் மட்டும் மாறுகிறார், வெளியே போவதில்லை. என்றாலும் அந்த அட்டையோடு மருந்துச் சீட்டு ஒட்டியபடியே இருக்க வேண்டும், மருத்துவர் கடிதத்திலும் அதன் பெயர் இருக்க வேண்டும். கைப்பையில் நான்கைந்து நாளுக்கு மட்டும் போதும். கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் பக்கத்திலிருந்து துபாய்க்கு வேலைக்கோ பிள்ளையைப் பார்க்கவோ போகிறவர்கள் அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்காமல் இந்த மருந்தை எடுத்துப் போகவே கூடாது. ட்ரமடால், கோடீன் சேர்ந்த வலி, இருமல் மருந்துகளுக்கும் அப்படியே. ஊருக்குப் போகிற ஒருவரிடம் இன்னொருவருக்கான மாத்திரையைக் கொடுத்தனுப்புவது நம்மிடம் உள்ள நல்ல பழக்கம். இந்த மருந்துகளில் அது ஒருவரைச் சிறைக்குள் தள்ளிவிடும்.

கால் எரிச்சல் இருக்கிறது என்றால் உணர்ச்சி கொஞ்சம் குறைந்திருக்கும். செக்யூரிட்டியில் செருப்பைக் கழற்றச் சொன்னால் வெறுங்காலோடு நடக்காமல் இருக்க சாக்ஸ் போட்டிருக்கட்டும். பல மணி நேரம் உட்காரும்போது கால் வீங்கும், புதுச் ஷூ வேண்டவே வேண்டாம். ஒரு மணிக்கொரு தரம் எழுந்து நடக்கட்டும், முடியாதபோது உட்கார்ந்தபடியே குதிகாலையும் விரலையும் மாற்றி மாற்றித் தூக்கி இறக்கட்டும். டிக்கெட்டில் வீல்சேர் உதவி பதிவு செய்துவிடுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. துபாயில் ஒரு டெர்மினலிலிருந்து கேட்டுக்கு நடக்கும் தூரம் அம்மாவுக்கு அதிகம், வழி தெரியாத பயமும் போகும்.

பாரிஸ் போன பிறகு இரண்டு மூன்று விஷயம். அங்குள்ள லேபில் ரத்தப் பரிசோதனை செய்தால் சர்க்கரையை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதுவார்கள். 1.40 என்று இருந்தால் நம் கணக்கில் 140. தங்கை பயப்பட வேண்டாம். கார்ட்ரிட்ஜை ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைக்கலாம், ஃப்ரீஸருக்குக் கீழே ஒட்டி வைக்கக் கூடாது. குளிரில் வெளியே போகும்போது பேனாவும் மெஷினும் கோட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். 10 டிகிரிக்குக் கீழே போனால் பல மெஷின்கள் அளவு காட்டாமல் எரர் காட்டும். பிரான்ஸ் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எடுத்திருப்பீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அது பொருந்துமா என்று அந்தப் பாலிசியைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் சர்க்கரையால் வரும் அவசரத்துக்குப் பணம் கிடைக்காது, கொஞ்சம் கூடுதல் கட்டினால் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே மருத்துவ அவசரத்துக்கு 15, ஐரோப்பா முழுக்க 112.

திரும்பி வரும்போது கணக்கு தலைகீழாகும். கிழக்கே வரும் நாள் நாலரை மணி நேரம் சுருங்கும். இரவு ஊசிக்கும் ஊரில் மறுநாள் காலை ஊசிக்கும் இடையே 12 மணி நேரம் கிடைக்காமல் ஏழரை, எட்டு மணி நேரம்தான் கிடைக்கும். போகும்போது ஊசியைத் தள்ளிப் போட்டதுபோல இங்கே செய்ய முடியாது, அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். விமானத்தில் போடும் அந்த இரவு ஊசி எத்தனை யூனிட் என்பதை இப்போது மருத்துவரிடம் போகும்போதே கேட்டு, அதே தாளின் பின்பக்கம் எழுதி வாங்கிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து பாரிஸிலிருந்து அவரைப் போனில் பிடித்துக் கேட்பது எளிதாக இருக்காது.